ஒரே தட்டு

கீழமங்கலம் நகராட்சி மன்றத்தில் ஒரு பழக்கம் உண்டு. எழுத்தர் அஞ்சுகம் ஒரு தீர்மானத்தைப் படித்து மூச்சு விட்டால் போதும், உறுப்பினர்கள் போண்டாத் தட்டிலிருந்து தலையைத் தூக்காமலே மேசையைத் தட்டிவிடுவார்கள். தீர்மானம் நிறைவேறிவிட்டது என்று அர்த்தம்.

அன்றைக்கு வந்தது, ஊர்க் குடிநீரை முப்பது வருஷத்துக்கு ஒரு தனியார் கம்பெனியிடம் ஒப்படைக்கும் ஒப்பந்தம். இருநூறு பக்கம்.

"பத்து நிமிஷத்துல படிச்சு முடிம்மா" என்றார் தலைவர் கஜேந்திரராஜ்.

"இருநூறு பக்கம் எப்படிங்கய்யா முடியும்?"

"எவன் கேட்கப் போறான்? என்னத்தையாவது படி."

"சரிங்கய்யா" என்று அஞ்சுகம் எழுந்தாள். முதல் பக்கத்தை ஒழுங்காகப் படித்தாள். பிறகு குரலை மாற்றாமலே, "மேற்படி முப்பது வருஷமும் தலைவர் வீட்டுக்கும் உறுப்பினர்கள் வீடுகளுக்கும் தண்ணீர் விடப்படமாட்டாது" என்று சேர்த்துப் படித்து, மூச்சு விட்டாள்.

மேசை அதிர்ந்தது. ஓங்கித் தட்டியவர் தலைவர்தான்.

காலிக் குடங்களோடு பார்வையாளர் வரிசையில் இருந்த பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நிருபர்கள் மளமளவென்று எழுதினார்கள். பக்கத்தில் இருந்தவர் காதைக் கடித்த பிறகே தலைவருக்கு உறைத்தது.

"அது செல்லாது" என்று கத்தினார்.

"எதுங்கய்யா செல்லாது? ரெண்டும் ஒரே தட்டுலதான நிறைவேறுச்சு. கம்பெனிக்குச் செல்லும்னா உங்க வீட்டுக்கும் செல்லும்."

தலைவர் வேர்த்து வழிய, மொத்தத் தீர்மானத்தையும் ரத்து செய்யச் சொன்னார். அஞ்சுகம் அதையும் படித்து மூச்சு விட்டாள்.

இந்தத் தடவை மேசையோடு குடங்களும் அதிர்ந்தன.