மாறாயி சொல்லி முடிக்கும் வரை

நெடுங்காலத்துக்கு முன்னால் மேழிநாட்டை இடிமாறன் என்றொரு ராஜா ஆண்டு வந்தான். காலையில் ஒருவனுக்கு யானை கொடுப்பான். மத்தியானம் அவன் தலையையே கேட்பான். அவன் கனைத்தால் அரசவையில் பாதிப் பேர் தூணுக்குப் பின்னால் ஒதுங்குவார்கள்.

அரண்மனையை ஒட்டிய பெரிய ஏரியைக் காத்தவள் மாறாயி. பிறந்ததிலிருந்தே அவளுக்குக் கால்கள் நடக்காது. நாக்கும் மெதுவாகத்தான் புரளும். ஆனால் கரையைப் பார்த்தே ஏரியின் குணத்தைச் சொல்லிவிடுவாள்.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. "கரை உடைந்தால் உன் தலை போகும்!" என்றான் ராஜா.

"துணைக்கு... நாலு பேர்... நானே பார்த்து..." என்று தொடங்கினாள் மாறாயி.

அவையிலிருந்த சிற்றரசர், சாமந்தர் கொற்றவாணர், குறுக்கே பாய்ந்தார். ராஜா ஏரியை இவளிடம் ஒப்படைத்த நாள் முதல் அவருக்கு வயிற்றெரிச்சல். "நாலு எதற்கு மகாராஜா? நான் பன்னிரண்டு பேர் தருகிறேன்!"

தந்தார். பன்னிரண்டும் ஒரே உயரம், ஒரே முறுக்கு மீசை. ஊர்வலத்துக்கு ஆள் பொறுக்கியே பழகியவர் வேறு எதைப் பார்ப்பார்?

அவர்கள் சோம்பேறிகள் அல்ல. கேட்காமலே அவளைத் தூக்கினார்கள். வாய் திறந்தால் பசி என்று கஞ்சி ஊற்றினார்கள். அவளிடம் யார் என்ன கேட்டாலும், "அம்மா நல்லா இருக்காங்க" என்று தாங்களே சொன்னார்கள்.

மூன்றாம் நாள் காலை, வடகரையின் அடியில் நீர் கசிவதை மாறாயி பார்த்தாள். தெளிந்து கசிந்தால் பயமில்லை. இது கலங்கி வந்தது. கரை உள்ளுக்குள் கரைகிறது. "வட..." என்றாள். கஞ்சி வந்தது. "அம்மா நனையக்கூடாது" என்று நாற்காலியோடு அரண்மனைக்குத் தூக்கிவந்துவிட்டார்கள்.

"ஏரி எப்படி?" என்றான் ராஜா.

"பத்திரம் மகாராஜா!" என்றன பன்னிரண்டு மீசைகளும். மாறாயி வாய் திறந்தாள். "பாவம், களைத்துவிட்டாள்," என்றார் கொற்றவாணர்.

இனி நேரே சொல்லிப் பயனில்லை என்று அவளுக்குப் புரிந்தது. இருந்த மூச்சையெல்லாம் கூட்டி ஒரே சொல்லாகக் கத்தினாள்: "பந்தயம்!"

பந்தயம் என்றால் ராஜாவுக்கு உயிர். கையை உயர்த்தி அவையை அடக்கினான்.

"என் நாற்காலியில்... வடகரைக்கு... மகாராஜா போய்வர... முடியாது."

"முடியாதா? எனக்கா?" துள்ளி ஏறி உட்கார்ந்தான். "அவளுக்குச் செய்வதையே எனக்கும் செய்யுங்கள்! ஒன்று குறைந்தாலும் தலை போகும்!"

மாறாயி ராஜாவின் பல்லக்கில் பின்னால் போனாள்; கொற்றவாணரும் கூடவே போனார்.

வடகரையில் கலங்கல் தண்ணீர் தொடை கனத்துக்குப் பீறிட்டது. நேர் கீழே அந்தப்புரம். "நிறுத்துங்கடா! கரை..." என்றான் ராஜா. வாயில் கஞ்சி விழுந்தது. "இறக்குங்கள்!" என்று இருமினான். "நனையக்கூடாது மகாராஜா," என்று திருப்பித் தூக்கினார்கள். அவர்களும் என்ன செய்வார்கள்? ஒன்று குறைந்தால் தலை போகுமே! இடிமாறன் வாழ்நாளில் முதல்முறையாகப் பயந்தான். நடக்கும் கால் இருந்ததால் சேற்றில் குதித்தான். மாறாயிக்கு அதுவும் முடிந்ததில்லை.

பல்லக்கருகே ஓடினான். "சொல் தாயே, என்ன செய்ய?"

"அடை..." என்று தொடங்கினாள்.

"அடைக்கச் சொல்கிறாள்! மண்மூட்டை கொண்டுவா!" என்றார் கொற்றவாணர்.

"வாயை மூடும்! அவள் முடிக்கட்டும்!"

கரை உறுமியது. காலடி மண் நடுங்கியது.

"அடை... அடைக்காதீர்கள். அடைத்தால்... வேறிடத்தில்... பிளக்கும். தென்மடையைத்... திறங்கள். கசிவைச் சுற்றி... வளையமாக... மூட்டை."

அப்படியே செய்தார்கள். சாயங்காலத்துக்குள் கசிவு தெளிந்தது. கொற்றவாணர் பேச்சைக் கேட்டிருந்தால் அந்தப்புரம் மிதந்திருக்கும்.

"உன் நாலு பேரை நீயே சொல்," என்றான் ராஜா. அவள் சொன்னவர்கள்: "எந்தப் பக்கம் அம்மா?" என்று கேட்டுத் தூக்கிய பல்லக்குக்காரர் இருவர், மடை திறந்த சடையன், அவள் பேச்சை அவசரப்படாமல் கேட்டுச் சொல்லும் பூவாத்தாள். நாலு பேர் போதும் என்றாள்.

"சாமந்தரை என்ன செய்ய?"

"அவரை..." என்று நிறுத்தினாள். மன்னிக்கச் சொல்கிறாள் என்று இடையில் புகுந்து சொல்லக் கொற்றவாணருக்கு நாக்குத் துடித்தது, துணிவில்லை.

"...இந்த நாலு பேரிடம்... வேலை கற்றுக்கொள்ள... விடுங்கள்."

மறுநாளிலிருந்து சாமந்தர் பல்லக்குத் தண்டைத் தோளில் ஏற்றிக்கொண்டு, எந்தப் பக்கம் என்று கேட்டுவிட்டு நின்றார். மழை கொட்டியது. அவள் சொல்லி முடிக்கும் வரை நின்றார்.