இலவமரத்தைத் தட்டிய மரங்கொத்தி

மனிதர் கோடாலி செய்யக் கற்காத காலம் அது, பிள்ளைகளே. மலையடிவாரத்துக் காட்டில் மரங்கொத்தி ஒருத்தி இருந்தாள். துணை இல்லை, குடும்பம் இல்லை. விடிந்தால் ஒரு மரத்தின் அடியில் தொற்றுவாள். தட்டுவாள், காது கொடுப்பாள், ஏறுவாள். உள்ளே புழு இருந்தால் அதுதான் சாப்பாடு. ஆண்டவன் அவளுக்கு அளந்தது அவ்வளவுதான்.

ஒரு மருதமரத்தைத் தட்டினாள். மழைக்கு அது சாய்ந்தது. ஒரு வாகையைத் தட்டினாள்; அதுவும் சாய்ந்தது. ஒரு நாவலைத் தட்டினாள், அதுவும் சாய்ந்தது. உளுத்த மரத்தில்தானே புழு இருக்கும், அதைத்தானே அவள் தேடிப் போவாள்? யாரும் யோசிக்கவில்லை. அவள் அலகு பட்ட மரம் நிற்காது என்று காடே ஒதுக்கிவிட்டது. அவள் வந்து உட்கார்ந்தால் கிளிகள் எழுந்து போகும்.

அங்கே ஓர் இலவமரப் பொந்தில் இருவாச்சிப் பறவைத் தம்பதி குடியிருந்தார்கள். அவர்கள் வழக்கம் தெரியுமா? முட்டையிடும் காலத்தில் பெண் பொந்துக்குள் போய், வாசலைப் பூசி அடைத்துக்கொள்வாள். அலகு நுழையும் சந்து மட்டும் இருக்கும். அதன் வழியே ஆண் பழம் ஊட்டுவான். குஞ்சு வளரும்வரை தாய்க்கு வெளியுலகமே இல்லை. அப்போதும் தாயும் ஒரு குஞ்சும் உள்ளேதான் இருந்தார்கள்.

மரங்கொத்தி அந்த இலவத்தைத் தட்டிப் பார்த்தாள். உள்ளே மரமெல்லாம் உளுத்துப்போய், வெறும் பட்டைதான் நின்றது. உடனே ஆண் இருவாச்சியிடம் போய், வாசலை உடைத்துத் தாயையும் பிள்ளையையும் வெளியே எடுக்கச் சொன்னாள். பொந்தைப் பறிக்கப் பார்க்கிறாள் என்று அவன் விரட்டினான். மறுநாளும் வந்து கெஞ்சினாள், விரட்டினான். அதற்கு மறுநாள் கொத்தவே வந்துவிட்டான்.

"என் வீட்டிலயும் மூக்கை வைக்காதே, தரித்திரமே" என்றான்.

அப்போது சந்துக்குள்ளிருந்து பெண் இருவாச்சி பேசினாள். "அவளை ஏன் திட்டுறீங்க? வெளியே பறக்கிற உங்களுக்குக் கேக்காது. மரத்தை அரிக்கிற சத்தம் ராவும் பகலும் என் காதுக்குள்ளயே இருக்கு. அவ தட்டுறப்பதான் எனக்கும் யாரோ இருக்காங்கன்னு தோணுது."

சொல்லிவிட்டு அவளே சுவரை உடைத்தாள். குஞ்சைத் தத்தித் தத்தித் தாவவைத்துப் பக்கத்து மரத்துக்குக் கூட்டிப் போனாள். சாயங்காலக் காற்றில் இலவம் அடியோடு விழுந்தது.

காடு கூடிப் பார்த்தது. இதையும் அவள்தான் தட்டினாள், இதுவும் விழுந்தது என்று கிளிகள் சொல்லிக்கொண்டன. பெண் இருவாச்சி எவ்வளவோ எடுத்துச் சொன்னாள். அவள் கணவன் தலைகுனிந்து நின்றான். மற்றவர்கள் கேட்கவில்லை.

மரங்கொத்தி அங்கே இல்லை. தூரத்து மரமொன்றில் தனியே தொற்றிக்கொண்டு, தாயும் பிள்ளையும் பிழைத்தார்களே, அது போதும் என்று ஆண்டவனுக்கு நன்றி சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஆபத்தை முன்னால் சொன்னவர்மேல் அந்த ஆபத்தின் பழியைப் போடுவது பாவம், கண்ணுகளா.