மூக்கில் வைத்த ஈயம்

கணக்குப் புதிர் என்றால் விரல் விட்டு எண்ணியாவது விடையைப் பிடித்துவிடலாம். இது வேறு ரகம். மூன்று பேர், ஒரு சின்ன விமானம், நெல்லிக்காய் அளவு ஈயக்கட்டி ஒன்று, அவ்வளவுதான் சரக்கு. பாதியிலேயே தீர்ப்புச் சொல்ல எழுந்துவிடாமல் கடைசி வரை கேளுங்கள்.

தென்காசிக்கு மேற்கே ஒரு பாறை மேடு. ஆடி மாதம் அதன் சரிவில் மோதும் காற்று அப்படியே மேலே ஏறும். எஞ்சின் இல்லாத விமானத்தை அந்தக் காற்றில் வீசிவிட்டால் போதும், மணிக்கணக்காக மிதக்கும். திருப்புவதற்கு மட்டும்தான் ரிமோட். ஞாயிற்றுக்கிழமை தோறும் இதற்காகவே மூன்று பேர் மேட்டில் கூடுவார்கள். ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கும் சுடலைமுத்து, வீடு வீடாகப் போய் மின்சார மீட்டர் பார்க்கும் அருள்ராஜ், பள்ளிக்கூடத்தில் வேதியியல் நடத்தும் பெனடிக்டா டீச்சர். மூவருக்கும் ஐம்பது தாண்டிவிட்டது. ஊரார் வைத்த பெயர் ‘ஏரோப்ளேன் கிறுக்குகள்’.

ஒடிந்ததை ஒட்டுவது சுடலைமுத்துவின் பொறுப்பு. வாலில் பசை ஏறினால் வால் கனத்துப்போகும். அதற்கு ஈடாக விமானத்தின் மூக்குக்குள் ஈயம் வைப்பார்கள். இறக்கைக்கு அடியில் இரண்டு விரல் கொடுத்துத் தூக்கினால் தராசு முள் மாதிரி நேராக நிற்க வேண்டும். பறக்கவிடுமுன் விமானத்துக்குச் சொந்தக்காரர் அப்படித் தூக்கிப் பார்ப்பது வழக்கம். அருள்ராஜ் மட்டும் பார்க்கமாட்டார்.

“நீ ஒட்டித் தந்தத நான் விரல் வச்சுப் பாத்தா, உன்ன நம்பலன்னுல்லாடே ஆயிரும்?” என்பார்.

அருள்ராஜுக்குப் போன வருஷம் ஒரு காய்ச்சல் வந்து போனதிலிருந்து வலது கட்டைவிரலில் லேசான நடுக்கம். விமானத்தை நடத்துவதே அந்த விரல்தான். பயந்துபோய் ரிமோட்டைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார். ஏழு மாதம் கெஞ்சிக் கூத்தாடி அவரை மறுபடி மேட்டுக்கு இழுத்து வந்தவர் சுடலைமுத்து. “உன் விரலுக்கு ஒண்ணுமில்லடே, நாஞ்சொல்லுதேம்லா” என்று சொல்லிச் சொல்லியே அழைத்து வந்தார்.

அந்த ஞாயிறு காலை சுடலைமுத்து அருள்ராஜின் விமானத்துக்கு வாலை ஒட்டினார். ரிமோட் சொன்னபடி வாலைத் திருப்பும் பேட்டரியை மாற்றுவதற்காக மூக்கைத் திறந்து, ஈயத்தை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அந்தப் பை ஒரு குட்டி இரும்புக்கடை. திருப்புளி, உப்புத்தாள், பசைக்குழாய் எல்லாம் ஏற்கெனவே அதில் குடியிருந்தன. அதற்குள் காற்று நன்றாக வீச ஆரம்பித்துவிட்டது. அவசர அவசரமாக மூக்கை மூடி டேப்பைச் சுற்றி எடுத்துக்கொண்டு ஓடினார். ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும்போது மனிதனின் ஞாபகம் எம்மாத்திரம்?

டீச்சர் விமானத்தை வீசினார். அது மூக்கைத் தூக்கிக்கொண்டு செங்குத்தாக ஏறியது, ஒரு கணம் அந்தரத்தில் நின்றது, பிறகு தலைகுப்புற விழுந்தது. அருள்ராஜ் கட்டைவிரலால் என்னென்னவோ செய்து பார்த்தார். மேட்டுக்குக் கீழே, மழையில் ஊறிக்கிடந்த கடலைக்காட்டுச் சேற்றில் விமானம் மூக்குக் குத்தி நின்றது.

முதலில் ஓடிப்போய்ச் சேர்ந்தவர் சுடலைமுத்து. இரண்டு கையாலும் சேற்றிலிருந்து அதைப் பிடுங்கினார். குனிந்தபோது சட்டைப் பை ஆடி நெஞ்சில் இடித்தது. அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

மேலே பார்த்தார். அருள்ராஜும் டீச்சரும் பாறையில் கால் வழுக்காமல் பார்த்துப் பார்த்து இறங்கிக்கொண்டிருந்தார்கள். ‘என் தப்புடே’ என்று ஒரு வார்த்தை சொன்னால் தீர்ந்தது. ஆனால் கை பைக்குள் போய்விட்டது. பிளந்து கிடந்த மூக்குக்குள் ஈயத்தை வைத்து அழுத்தினார். தன் கை செய்வதைத் தானே பார்த்துக்கொண்டு நிற்பதுபோல் இருந்தது. கூசிப்போனார். கூசியும் அதை எடுக்கவில்லை.

அருள்ராஜ் வந்து மூக்குக்குள் எட்டிப் பார்த்தார்.

“ஈயம் இருக்கே. அப்ப என் கைதான்.”

அவர் கோபப்படவில்லை. தோளில் தொங்கிய ரிமோட்டைக் கழற்றி நீட்டினார். “நீயே வச்சுக்கடே. எங்கிட்ட சும்மால்லா கிடக்கும்.”

சுடலைமுத்து அதை வாங்கிக்கொண்டார். ஆமாம், வாங்கிக்கொண்டார்.

“அண்ணாச்சி, சட்டைப் பைல சேறு அப்பியிருக்கு பாருங்க” என்றார் டீச்சர்.

சுடலைமுத்து சட்டென்று பையை உள்ளங்கையால் மூடினார். டீச்சர் அவர் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். ‘அவரே சொல்லட்டும்’ என்று நினைத்தாரோ என்னவோ, மேற்கொண்டு பேசவில்லை. அடுத்த மூன்று ஞாயிறும் அருள்ராஜ் மேட்டுக்கு வரவில்லை. சுடலைமுத்து அந்தச் சட்டையை மூன்று தடவை துவைத்தார்; கறை போன பிறகும் அதைப் போட்டுக்கொள்ள மனம் வரவில்லை.

இப்போது சொல்லுங்கள். ஈயத்தை மறந்தவர் சுடலைமுத்து. விரல் வைத்துப் பார்க்காமல் விட்டவர் அருள்ராஜ். சேற்றைப் பார்த்தும் வாயை மூடிக்கொண்டவர் டீச்சர். அருள்ராஜ் பறக்கவிடுவதையே கைவிட்டதற்கு, இந்த மூவரில் யார் காரணம்?

விடை: நான் கேட்ட கேள்வியிலேயே ஒரு களவு இருக்கிறது. சுடலைமுத்து ஈயத்தை மறந்ததைச் சொன்னேன்; வைத்ததைச் சொல்லவில்லை. மூன்று வாரமும் அவர் தன்னைத் தானே இப்படித்தான் கேட்டுக்கொண்டிருந்தார், அதனால்தான் விடை கிடைக்கவில்லை. மறந்த ஈயம் உடைத்தது வெறும் மரக்கட்டையை, அதை ஒட்டிவிடலாம். வைத்த ஈயம் உடைத்தது அருள்ராஜுக்குத் தன் விரல்மேல் இருந்த நம்பிக்கையை. நாலாவது ஞாயிறு அவர் ரிமோட்டையும், மூக்கிலிருந்து கழற்றிய ஈயத்தையும் எடுத்துக்கொண்டு அருள்ராஜ் வீட்டுக்குப் போய், நடந்ததை ஒன்று விடாமல் சொன்னார். அடித்தாலும் வாங்கிக்கொள்வது என்று முடிவு செய்துதான் போயிருந்தார். அருள்ராஜ் தன் கட்டைவிரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “அப்ப என் விரலு நல்லாத்தான் இருக்காடே?” என்று கேட்டார், முகமெல்லாம் சிரிப்பாக. சுடலைமுத்துவால் தலையை நிமிர்த்த முடியவில்லை.