முள்ளம்பன்றியின் இருபது கூடைச் சோளம்

மலையடிவாரத்துக் காட்டில் ஒரு முள்ளம்பன்றி சோளம் போட்டிருந்தது. இருபது கூடை தேறும். ஆனால் அதை வைத்துச் சாப்பிட முடியாது. மழைக்காலத்தில் வளைக்குள் ஈரம் ஏறிச் சோளம் பூசணம் பிடித்துவிடும். கிழங்குதான் தாங்கும். பெண்டாட்டி, இரண்டு குட்டிகள் எல்லாம் மழையைத் தாண்ட நாற்பது கூடை கிழங்கு வேண்டும்.

கிழங்கு வைத்திருந்தது பெருச்சாளி. அந்தக் காட்டுக்கே அதுதான் வியாபாரி. கதிர் பால் பிடிக்கும்போதே வந்துவிட்டது. ஒரு கூடை சோளத்துக்கு இரண்டு கூடை கிழங்கு என்று இப்போதே பேசி முடிப்போம், அறுவடையன்று விலை ஏறினாலும் இறங்கினாலும் பேசினது பேசினதுதான் என்றது.

தேவைக்குச் சரியாக இருந்தது. ஆனால் போன வருஷ வயிற்றெரிச்சல் முள்ளம்பன்றிக்கு இன்னும் அடங்கவில்லை. போன வருஷம் இப்படித்தான் இரண்டுக்குப் பேசியது. அறுவடையன்று பார்த்தால் விலை மூன்று! முன்கூட்டிப் பேசாத கௌதாரி மூன்று மூன்றாக வாங்கிக்கொண்டு போனதைச் சொல்லிச் சொல்லியே வருஷம் போனது. அதனால் இந்தத் தடவை முடியாது என்று முகத்தைத் திருப்பிக்கொண்டது.

அடுத்த வாரமே கிளிகள் சேதி கொண்டுவந்தன. தெற்குக் காட்டில் வெட்டுக்கிளி இறங்கிவிட்டதாம், ஒரு கதிர் மிச்சமில்லையாம். பெருச்சாளி மறுபடி ஓடி வந்து மூன்று தருகிறேன் என்றது.

"ஏங்க, பாதியையாவது பேசி விடுங்க. முப்பது கூடை உறுதியாயிடும்" என்றது பெண்டாட்டி.

"சும்மா இரு. மூணு கொடுக்கிறவன் நாலும் கொடுப்பான்."

யார் சொல்லிக் கேட்டது அது! குருவி விரட்டி, காட்டுப்பன்றியோடு மல்லுக்கட்டி, ஒரு கதிர் போகாமல் காத்தது. இருபது கூடையும் அப்படியே வீடு வந்தது.

அதற்குள் நாரைகள் அக்கரையிலிருந்து வந்து இறங்கின. அங்கே பருவம் தவறாமல் மழை பெய்து சோளம் குவிந்து கிடக்கிறதாம். ஆற்றிலும் தண்ணீர் வற்றிவிட்டதால் எருமைகள் முதுகில் ஏறி அது இக்கரைக்கு வருகிறதாம்.

முள்ளம்பன்றி கூடைகளைச் சுமந்து போனபோது பெருச்சாளி தலையைச் சொறிந்தது.

"ஒண்ணுக்கு ஒண்ணுதான் அண்ணே."

"என் கொல்லையில ஒரு கதிர் குறைஞ்சுதா? ஒரு மணி சொத்தையா? நான் என்னடா தப்பு பண்ணினேன்?"

"உங்க சோளம் தங்கம்தான். ஆனா தெக்க வெட்டுக்கிளி இறங்கினா விலை ஏறுது, அக்கரையில மழை பேஞ்சா இறங்குது. அது உங்க கையிலயும் இல்ல, என் கையிலயும் இல்ல அண்ணே."

சண்டை போட முள்ளம்பன்றிக்குத் தெம்பில்லை. இருபது கூடை கிழங்கோடு வீடு திரும்பியது. பாதி மழையிலேயே அது தீர்ந்தது. மீதி மழை முழுக்க இடுப்பொடியச் சேற்றில் வேர் தோண்டியது. கசப்பு வேர். குட்டிகள் வாயில் வைத்துவிட்டுத் துப்பின. அதைப் பார்க்க அதற்குப் பொறுக்கவில்லை.

அடுத்த விதைப்பு முடிந்து கதிர் பால் பிடித்தது. பெருச்சாளி வந்து, ஒன்றுக்கு இரண்டு என்றது. முள்ளம்பன்றி குட்டிகளைப் பார்த்தது.

"சரி, இருபது கூடையும் உனக்குத்தான். விலை மூணு ஆனா மட்டும் எங்கிட்ட வந்து சொல்லாதே."

குழந்தைகளே, விளைச்சலைத்தான் நம்மால் காக்க முடியும், விலையைக் காக்க முடியாது; ஆகவே வீட்டுக்குப் போதுமான விலை தேடி வரும்போது அதைத் தட்டிவிடக் கூடாது.