தோகை மறைத்த மேடை

தாமரைக் குளத்தங்கரையில் கொக்கு வாத்தியார் நடத்திய பள்ளிக்கூடத்தில் ஆண்டு விழா. விழா சாயங்காலம்தான். ஆனால் சடைச்சி ஆமை முந்தின நாள் காலையிலேயே வீட்டை விட்டுக் கிளம்பிவிட்டாள். அவள் நடைக்கு அவ்வளவு நேரம் வேண்டுமே!

பள்ளியிலேயே தங்கிப் படிக்கும் அவள் மகள் குமிழிக்கு விழாவில் தாமரை ஆட்டம். மற்றக் குட்டிகளெல்லாம் இதழ்கள். குமிழி நடுவில் மொட்டு. தலையையும் காலையும் ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டு கிடக்க வேண்டும். மேளம் நின்றதும் இதழ்கள் ஒற்றைக் காலில் நிற்க, மொட்டு மெல்லத் தலையை நீட்டி மலர வேண்டும். இழுத்துக்கொள்வது குமிழிக்குக் கைவந்த கலை. நீட்டுவதில்தான் சிக்கல். கூச்சம் பிடித்த பிள்ளை. ஒத்திகையில் ஒருநாள்கூட அவள் வெளியே வரவில்லை.

“நீ எதிரிலேயே இருக்கணும்மா. உன் முகம் தெரிஞ்சாதான் தலையை நீட்டுவேன்” என்று சொல்லியிருந்தாள்.

அதற்காகவே சடைச்சி எல்லோருக்கும் முன்னால் வந்து, மேடைக்கு நேர் எதிரே இடம் பிடித்தாள்.

ஆட்டம் தொடங்கும் நேரத்துக்கு ஆடி அசைந்து வந்தார் சிங்காரம் மயில். அவர் மகனும் ஓர் இதழ். பிந்தி வந்தவர் பின்னால் போய் உட்காரக் கூடாதா? நேராக வந்து சடைச்சிக்கு முன்னால் நின்றார். மகன் மேடையேறியதும் பெருமை தாங்காமல் தோகையை விரித்துவிட்டார்.

“அண்ணே, கொஞ்சம் தோகையை மடக்குங்க. மேடை மறைக்குது” என்றாள் சடைச்சி.

“என் மகன் ஆடுறான்மா. சந்தோஷத்துல தானா விரியுது, நான் என்ன பண்ணட்டும்?”

“என் மகளும்தான் ஆடுறா.”

“யாரு, நடுவுல கல்லு மாதிரி கிடக்கே, அதுவா? அதை எங்கிருந்து பார்த்தா என்ன?”

சடைச்சி ரெண்டு நாள் நடந்து வந்தது இதைக் கேட்கத்தானா? இடப்பக்கம் நகர்ந்தாள், தோகையும் அங்கே வந்தது. வலப்பக்கம் நகர்ந்தாள், அங்கேயும் வந்தது. பின்னாலிருந்த முயல்கள் “அடடா, என்ன தோகை” என்று சொல்லிவிட்டன. அவ்வளவுதான். சிங்காரம் மேடைக்கு முதுகைக் காட்டி அவர்கள் பக்கம் திரும்பிக்கொண்டார். பிள்ளை ஆட்டத்துக்கு வந்தவர் செய்கிற காரியமா இது?

மரங்கொத்தியின் மேளம் நின்றது. இதழ்கள் ஒற்றைக் காலில் நின்றன. குமிழி மூக்கை மட்டும் நீட்டிப் பார்த்தாள். எதிரே அம்மா முகம் இல்லை, இறகுச் சுவர்தான் இருந்தது. மூக்கு உள்ளே போய்விட்டது.

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். கால் வலித்து, இதழ்கள் ஒவ்வொன்றாகக் காலை ஊன்றின. மயில் குஞ்சு மட்டும் ஊன்றவில்லை.

சடைச்சி அதற்குமேல் பொறுக்கவில்லை. யாரையும் கேட்காமல் சிங்காரத்தின் இரண்டு கால்களுக்கும் நடுவே புகுந்தாள். காலில் ஓடு உரசியதும் அவர் “ஐயோ!” என்று துள்ளினார். தோகை மடங்கிவிட்டது. அவள் மேடையோரம் போய் நின்று, கழுத்தை நீட்டக்கூடிய மட்டும் நீட்டினாள்.

“குமிழி, அம்மா இங்கே இருக்கேன்.”

மறுபடி மூக்கு வந்தது. பிறகு கண். பிறகு முழுத் தலையும் நான்கு கால்களும் வந்தன. குளத்தங்கரையே ஆரவாரம் செய்தது. சடைச்சி அழுதுவிட்டாள்.

ஆட்டம் முடிந்ததும் மயில் குஞ்சு ஓடி வந்தது. “அப்பா, எல்லாரும் காலை ஊன்றினாங்க. நான் மட்டும் கடைசிவரைக்கும் நின்னேனே, பார்த்தீங்களா?”

சிங்காரம் தன் தோகையைத் திரும்பிப் பார்த்தார்.

“நான் உங்களைத் தேடினேன்ப்பா. தோகைதான் தெரிஞ்சது.”

சடைச்சிக்குச் சிங்காரத்தின்மேல் இருந்த கோபம் இன்னும் ஆறவில்லை. ஆனால் குஞ்சின் முகத்தைப் பார்த்தாள்.

“நான் பார்த்தேன் தம்பி. கொஞ்சம்கூட அசையாம நின்னே” என்றாள்.

குஞ்சு அப்பாவை விட்டுவிட்டு அவள் பக்கத்தில் போய் நின்றுகொண்டது.

பிள்ளை மேடையேறும்போது பெற்றவர் காட்ட வேண்டியது தம் முகத்தை, தோகையை அல்ல.