மழைக்கு ஏற்றிய கண்ணாடி

"பயம் போறதுக்கு என்ன செய்யணும், மேஸ்திரிம்மா?" என்று கேட்டார் அல்போன்ஸ்.

ருக்சானா வெல்டிங் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு அவரைப் பார்த்தாள். பொள்ளாச்சியில் பழைய கார்களுக்குப் புகைக்குழாய் வளைத்துக் கொடுக்கிறவள். வயது முப்பத்தைந்து. அவருக்கு ஐம்பத்தொன்பது.

"என்ன நடந்துச்சுன்னு சொல்லுங்கண்ணா."

சொன்னார்.

வால்பாறை எஸ்டேட் ஆபீஸில் கிளார்க்காக இருந்து ரிடையரான மனிதர். எண்பத்தாறாம் வருஷத்துக் கார் ஒன்று வைத்திருக்கிறார். அது கம்பீரமாக உறும வேண்டுமென்று ஓர் ஆசை. எஞ்சினிலிருந்து புகையை வாங்கும் பழைய வார்ப்பிரும்பைக் கழற்றி எறிந்துவிட்டு, நாலு குழாய் ஒன்றாகச் சேரும் ஹெடரைத் தானே மாட்டினார். புதுச் சைலன்சரும் போட்டார். சத்தம் அபாரமாக வந்தது.

போன ஆடியில் நல்ல மழை. கார்க் கண்ணாடிகளை ஏற்றிவிட்டு மனைவி பிலோமினாவோடு மலை ஏறினார். அவருக்குத் தலை லேசாக வலித்தது. குளிருக்கு என்று நினைத்தார். அவள் கண்ணை மூடிச் சாய்ந்திருந்தாள்.

"தூங்குறான்னு நினைச்சு ரேடியோ சத்தத்தைக் குறைச்சேன், மேஸ்திரிம்மா."

மிச்சத்தையும் சொன்னார். ஒரு வளைவில் அவள் தலை கண்ணாடியில் மோதியது. அப்போதும் அவள் விழிக்கவில்லை. இழுத்துப்போய் மழையில் கிடத்தினார். ஆஸ்பத்திரியில் இரண்டு நாள். எஞ்சின் புகை காருக்குள்ளே கசிந்திருக்கிறது என்றார் டாக்டர்.

"அக்கா இப்போ?"

"நல்லா இருக்கா. அவளுக்கு ஒண்ணும் ஞாபகம்கூட இல்ல. எனக்குத்தான் சாவியைத் திருப்பக் கை வரல. சத்தம் போட்டு வந்திருந்தா பரவால்ல. அது தூக்கம் மாதிரி வந்துச்சு. நீங்களே ஒரு ஹெடர் பண்ணி மாட்டிக் குடுத்துடுங்க."

"நான் மாட்டினா பயம் போயிடுமா?"

அவர் யோசித்தார். "போகாது."

"அப்ப நீங்களே மாட்டுங்க. நாளைக்கு வாங்க."

மறுநாள் பஸ் பிடித்து வந்தார். லாரியில் இழுத்துவந்து போட்டிருந்த காரிலிருந்து ஹெடரைக் கழற்றினார். எஞ்சினோடு ஒட்டி உட்காரும் அதன் தகட்டின் மேல் ருக்சானா ஸ்டீல் ஸ்கேலை நிறுத்திவைத்து, பின்னாலிருந்து டார்ச் அடித்தாள்.

ஸ்கேலுக்கு அடியில் மயிரிழைபோல ஒரு வெளிச்சம்.

"இது வழியாத்தான்" என்றாள்.

அல்போன்ஸ் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

அவள் புதுக் குழாய்களை வளைத்துப் பற்றவைத்தாள். தகட்டைச் சமமாக அரம் போடும் வேலை அவருக்கு. மூன்று நாள் போட்டார்.

"போதுமா, மேஸ்திரிம்மா?"

"வெளிச்சம் தெரியுதா?"

"துளி தெரியுது."

"அப்புறம் ஏன் என்னைக் கேக்கறீங்க?"

ஐந்தாம் நாள், இடுக்கை அடைக்கும் கேஸ்கெட் வைத்து மாட்டினார். ஒவ்வொரு நட்டையும் முறுக்கினார். இன்னும் கொஞ்சம் இறுகினால் நல்லது என்று தோன்றியது. இன்னும் கொஞ்சம். நட்டு ஏறும் ஸ்டட் முறிந்து கையோடு வந்தது.

திட்டு விழும் என்று நின்றார். ருக்சானா திட்டவில்லை. உள்ளே மாட்டிக்கொண்ட துண்டை அரைநாள் போராடி வெளியே எடுத்தாள். புது ஸ்டட் ஒன்றை அவர் உள்ளங்கையில் வைத்தாள்.

"மறுபடி."

எல்லாம் முடிந்தது. சைலன்சர் வாய் வழியாகப் புளோயரால் காற்றடித்து, இணைப்புகளின் மேல் சோப்புத் தண்ணீர் ஊற்றிப் பார்த்தார்கள். எங்காவது ஓட்டை இருந்தால் குமிழி கிளம்பும். கிளம்பவில்லை.

"இன்னொரு தடவை பாத்துடறேன்" என்றார்.

பார்த்தார். மறுபடி பார்த்தார். ஐந்தாவது தடவை ருக்சானா சோப்புத் தண்ணீரை வாங்கிச் சாக்கடையில் கொட்டினாள்.

"இனி என்ன செய்யறது?"

"மழை வரட்டும். கண்ணாடியை ஏத்திட்டு மலை ஏறிப் பாப்போம்."

ஆறு நாள் மழை இல்லை. வாழ்நாளெல்லாம் தேயிலைக்கு மழை வேண்டும் என்று வானத்தைப் பார்த்தவர், தினமும் காலையில் மேகம் இருக்கக் கூடாதென்று பார்த்தார். ஏழாம் நாள் மலைப்பக்கம் கறுத்திருந்தது.

பிலோமினா பஸ்ஸில் இறங்கி வந்தாள். நேரே முன்சீட்டில் ஏறினாள்.

"பிலோ, நீ பின்னாடி உக்காரேன்."

"இது என் இடங்க."

ருக்சானா பட்டறையைப் பூட்டிவிட்டு வந்து அவளுக்குப் பின்னால் உட்கார்ந்தாள்.

அல்போன்ஸ் சாவியைத் திருப்பினார். எஞ்சின் உறுமியது. அந்தச் சத்தம் இப்போது அவருக்குப் பிடிக்கவில்லை.

மலையடிவாரத்தில், ஆழியாற்றில் மழை பிடித்துக்கொண்டது. கண்ணாடிகளை ஏற்றினார்கள். வளைவுகள் தொடங்கின.

"பிலோ?"

"ம்."

நாலாவது வளைவு. "பிலோ?"

"இருக்கேன். ரோட்டைப் பாருங்க."

ஒன்பதாவது வளைவில் தனக்குத் தலை வலிக்கிறதோ என்று சந்தேகம் வந்தது. பயத்தில் வலிக்கிறதா, புகையிலா என்று தெரியவில்லை. பின்னால் ருக்சானா ஒரு வார்த்தை பேசவில்லை.

பதினேழாவது வளைவு. "பிலோ?"

"ம்."

இருபத்திரண்டு.

"பிலோ?"

பதில் இல்லை.

"பிலோ!"

அவள் தலை கண்ணாடிப் பக்கம் சாய்ந்திருந்தது.

பிரேக்கை மிதித்தார். கதவைத் திறந்துபோட்டு, மழையில் சுற்றி ஓடி, அந்தப் பக்கக் கதவைப் பிடுங்கித் திறந்தார். அவள் தோளைப் பிடித்து உலுக்கினார்.

பிலோமினா கண் விழித்தாள். "என்னங்க இது? இப்பத்தான் அசந்தேன்."

"தலை வலிக்குதா? வாந்தி வருதா? என் பேரென்ன, சொல்லு!"

"பேரா? பைத்தியமா உங்களுக்கு? உள்ள வாங்க, நனையறீங்க."

அவர் நகரவில்லை. கதவைப் பிடித்துக்கொண்டு நின்றவருக்குத் திடீரென்று கோபம் வந்தது. பின்சீட்டின் கதவைத் திறந்தார்.

"பொம்மை மாதிரி உக்காந்திருக்கீங்களே, மேஸ்திரிம்மா. உங்களுக்குக் கொஞ்சமாவது பயம் இருக்கா?"



ருக்சானாவின் இடது கை, கதவோடு சேர்ந்து அவர் பக்கம் நீண்டிருந்தது. கண்ணாடியை இறக்கும் பிடியை அது விடவில்லை. விரல் கணுக்கள் வெளுத்துப்போயிருந்தன.

அல்போன்ஸ் அந்தக் கையையே பார்த்தார்.

"எப்ப இருந்து?"

"ஆழியாறுல இருந்து."

மழை அவர் முதுகில் அடித்துக்கொண்டிருந்தது.

"ஏறுங்கண்ணா" என்றாள் ருக்சானா. "இன்னும் பதினெட்டு வளைவு இருக்கு."