சிங்கத்தின் காதும் மூன்றாவது கையும்

செம்மண்கோட்டையை ஆண்ட சிங்கமுத்து பூபதிக்கு இரண்டு பெருமைகள். ஒன்று, சந்தையில் தண்ணீர் கொட்டுவதற்காக அவரே வரைந்து வார்க்கச் சொன்ன வெண்கலச் சிங்கம். இன்னொன்று, அவை விகடர் கொண்டல்ராயர். முன்னது வாயைத் திறக்கவே மாட்டேன் என்றது. பின்னவர் வாயை மூடவே மாட்டேன் என்றார். கதையே அதில்தான் ஆரம்பம்.

சிங்கத்தின் முன்னங்காலை மிதித்துக்கொண்டு, இரண்டு காதுகளையும் இரண்டு கைகளால் ஒரே நேரத்தில் திருக வேண்டும். உடனே வாயிலிருந்து தண்ணீர் பாயும். அந்த நாட்டில் எந்தப் புதுப் பொருளையும் அங்கக் குறையில்லாத பன்னிரண்டு பேர் சோதித்த பிறகே ஊருக்குக் கொடுப்பது வழக்கம். அந்தப் பன்னிரண்டு பேரைப் பொறுக்கி எடுத்தவர் கொண்டல்ராயர். தன்னையும் அதில் ஒருவராகச் சேர்த்துக்கொண்டார். தொந்தி அங்கக் குறையில் சேராது என்று தீர்ப்பும் அவரே சொல்லிக்கொண்டார். பன்னிரண்டு பேரும் திருகினார்கள், குடித்தார்கள். "அப்பழுக்கில்லாத பொறி, அரசே!" என்று கொண்டல்ராயர் அவையில் முழங்கினார்.

பத்து நாள் ஆயிற்று. சித்திரை வெயில் மண்டையைப் பிளக்கிறது. ஆனாலும் சிங்கத்தின் பக்கம் ஒருவரும் வரவில்லை. எல்லோரும் பழைய கிணற்றடியில்தான் முட்டி மோதினார்கள்.

அரசருக்குக் கோபம் வந்துவிட்டது.

"கொண்டல்ராயரே! எங்கோ குறை இருக்கிறது. நாளை மாலைக்குள் கண்டுபிடித்துச் சொல்லும். ஆனால் ஒன்று. என் சிங்கத்தில் குறை என்று சொல்லக் கூடாது. என் மக்களிடம் குறை என்றும் சொல்லக் கூடாது."

"பிறகு எதில்தான் குறை சொல்வது, அரசே?"

"அதற்குத்தானே உமக்கு இங்கே சாப்பாடு? சொல்ல முடியாவிட்டால் மூட்டையைக் கட்டிக்கொண்டு மாமனார் வீட்டுக்குப் போய்விடும்."

தூக்கில் போட்டாலும் கொண்டல்ராயர் சிரித்துக்கொண்டே போயிருப்பார். மாமனார் வீடு அப்படியல்ல. "தண்டச்சோறு வந்தாச்சு!" என்று வாசலிலேயே வரவேற்பு நடக்கும்.

மறுநாள் மாறுவேடம் போட்டுக்கொண்டு சந்தைக்குப் போனார். தலையில் முண்டாசு, தோளில் கோணிப்பை. தன்னை யாராலும் அடையாளம் காண முடியாது என்று அவருக்கு அசைக்க முடியாத நம்பிக்கை.

"கும்பிடுறேன் விகடர் சாமி. முண்டாசு நல்லா இருக்கு" என்றாள் கீரை விற்கும் பேச்சாயி. அவளுக்கு இடது கை முழங்கைக்குக் கீழே இல்லை.

கொண்டல்ராயர் அசட்டுச் சிரிப்புடன் முண்டாசை அவிழ்த்தார். "ஏம்மா, இவ்வளவு பக்கத்தில் சிங்கம் இருக்கிறது. நீ ஏன் கிணற்றடிக்குப் போகிறாய்?"

"நீங்க குடிச்சுக் காட்டுங்க சாமி, நானும் குடிக்கிறேன்."

"இதென்ன பிரமாதம்!" என்று அவளிடமிருந்து செம்பை வாங்கினார். காலை மிதித்தார். ஒரு காதைப் பிடித்தார். மறு கையில் செம்பு இருந்தது. செம்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு இரண்டு காதையும் திருகினார். தண்ணீர் பாய்ந்தது. செம்பு நழுவியது. வாயை நீட்டலாம் என்று குனிந்தவருக்குத் தொந்தி இடித்தது. மீசை, முகம், வேட்டி எல்லாம் நனைந்தது, நாக்கைத் தவிர.

"அன்றைக்குக் குடித்தேனே!" என்று திகைத்தார்.

"அன்னைக்குச் சோதிக்கப் பன்னெண்டு பேர் வந்தீங்க. செம்பு பிடிக்க இன்னும் பன்னெண்டு பேரைக் கூட்டியாந்தீங்க. இதுக்கு மூணு கை வேணும் சாமி. எனக்கு ரெண்டு கை குறையுது. உங்களுக்கு ஒண்ணு குறையுது. அம்புட்டுத்தான் வித்தியாசம்."

"தாயே! இதை அன்றைக்கே சொல்லியிருக்கக் கூடாதா?"

"சொல்லத்தான் வரிசையில நின்னேன். 'ஒத்தைக் கைக்காரிக்கு இங்க என்ன வேலை?'ன்னு வெரட்டினது யாரு?"

கொண்டல்ராயர் வாயை மூடினார். அவர் வாழ்க்கையில் அது முதல் தடவை. அவருக்கு உண்மையிலேயே வெட்கமாக இருந்தது.

மாலையில் அரசர் பரிவாரத்தோடு சந்தைக்கு வந்தார். "கண்டுபிடித்தீரா?"

"கண்டுபிடித்தேன், அரசே. குறை சிங்கத்தில் இல்லை. மக்களிடமும் இல்லை. சோதித்த ஆளிடம்தான்."

"யார் அந்த முட்டாள்?"

"தங்கள் முன்னால் ஈர வேட்டியோடு நிற்கிறான். தண்ணீர் வருகிறதா என்று பார்த்தான். செம்பை யார் பிடித்திருக்கிறார்கள் என்று பார்க்கவில்லை. தனியாக வருகிறவருக்கு மூன்றாவது கை வேண்டும். பார்த்துச் சொல்ல வந்த பேச்சாயியையும் விரட்டிவிட்டான்."

"செம்பு ஒரு விஷயமா? நகரும், நான் காட்டுகிறேன்!" என்று அரசர் சிங்கத்தை நெருங்கினார். பழக்கதோஷத்தில் ஒரு சேவகன் செம்போடு ஓடிவந்தான். கொண்டல்ராயர் அவன் இடுப்புத் துணியைப் பிடித்து நிறுத்திவிட்டார். அரசர் காலை மிதித்தார், காதுகளைத் திருகினார். கிரீடம் முதல் பட்டு வேட்டி வரை குளித்து முடித்தார்.

செம்போடு நின்ற சேவகன் கண்ணை இறுக்க மூடிக்கொண்டான்.

"கொண்டல்ராயரே," என்றார் அரசர், மூக்கு நுனியில் தண்ணீர் சொட்ட, "எனக்கும் ஒரு கை குறைகிறது!"

பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்து ஓய்ந்ததும் பேச்சாயியைக் கூப்பிட்டார். "நீ சொல், எப்படி மாற்றலாம்?"

"காலால மிதிச்சாலும் வரணும், கையால ஒத்தைக் காதைத் தொட்டாலும் வரணும் மகாராசா. ரெண்டுல எது முடியுதோ அது. பாத்திரம் வைக்கக் கீழே ஒரு மேடை. மேடை கைக்குச் சிக்குதான்னு கூடை முடையுற சடையனைத் தடவிப் பார்க்கச் சொல்லணும். அவருக்குக் கண்ணு தெரியாது."

"அப்படியே ஆகட்டும். இனிமேல் சோதிக்கிற பன்னிரண்டு பேரையும் நீயே பொறுக்கி எடு. அரண்மனைச் சம்பளம் உண்டு."

பேச்சாயி சந்தையைச் சுற்றிப் பார்த்துப் பதினோரு பேரை அழைத்தாள். முதல் ஆள் சடையன். மாமனார் வீட்டிலிருந்து தப்பித்த நிம்மதியில் கொண்டல்ராயர் மெல்ல வரிசையின் கடைசியில் போய் நின்றார்.

"தொந்திக்காரருக்கு இங்க என்ன வேலை?" என்றாள் பேச்சாயி.

கொண்டல்ராயர் தலையைக் குனிந்துகொண்டு நகரப் பார்த்தார்.

"நில்லுங்க சாமி, நீங்கதான் முக்கியமான ஆளு. உங்களாலயே முடிஞ்சிருச்சுன்னா, ஊர்ல யாராலயும் முடியும்."

அரசர் மறுபடியும் வயிற்றைப் பிடித்துக்கொண்டார்.